‘தானா நின்னுடும்!’

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் கிரிவலம் போய்க்கொண்டிருந்தேன். மணி ஐந்தரை இருக்கும். நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் கூட்டம் பின்னாலிருந்து நெருக்க, வலது கால் கட்டைவிரல் சாலையோரக் கல்லில் மோதிக் கிழிந்தது. வெறுங்கால். ரத்தம் குபுக்கென்று வந்தது. அருகில் சுக்குக் காபி விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். “கழுவிட்டுக் கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சுக்கோங்க. தானா நின்னுடும்” என்றார்.

நின்றது. ஐந்தாறு நிமிடம் கழித்து விரலை எடுத்துப் பார்த்தபோது காயத்தின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு பூச்சு படிந்திருந்தது. அதற்குள் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பத் தொடங்கியிருந்தார்கள். ஆறு மணிக்கு உச்சியில் சுடர் தெரிந்தது. பதினான்கு கிலோமீட்டர் பாதை முழுவதும் ஒரே குரலாக “அண்ணாமலையாருக்கு அரோகரா” எழுந்தது.

அந்த அரை மணி நேரத்தில் நான் பார்த்த இரண்டு காட்சிகள் பிறகு என் மனத்தில் ஒன்றாகிவிட்டன. 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரிகிற தீபம் அந்த நிமிடத்தில் உண்டானது இல்லை. கொப்பரையை முந்தைய நாளே பர்வத ராஜகுலத்தார் தோளில் சுமந்து மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரிக்கான காடாத் துணியும் மலையேறுகின்றன. எல்லாம் கூடி, எல்லாம் ஆயத்தமாகி, உச்சியில் காத்திருக்கின்றன. கீழே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிடங்கள் காட்சி தரும்வரை யாரும் திரியில் நெருப்பு வைப்பதில்லை. அந்த நொடியில் கொடிமரத்தின் எதிரே தீபம் ஏறும்; அதே நொடியில் மேலே கொப்பரையும் பற்றிக்கொள்ளும்.

என் கட்டைவிரலிலும் நடந்தது இதுதான். ரத்தத்தை நிறுத்திய பொருள் காயம் பட்டபின் செய்யப்பட்டதில்லை. அது எப்போதோ கல்லீரலில் செய்யப்பட்டு, செல்லுக்கு வெளியே அனுப்பப்பட்டு, என் ரத்தத்தில் ‘அணைந்த’ நிலையில் சுற்றிக்கொண்டிருந்தது. காயம் என்னும் குறிப்பு கிடைத்ததும் பற்றிக்கொண்டது. அந்த அம்மா சொன்ன ‘தானா’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூடி போட்ட புரதம்

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். உணவுத் தட்டில் அது ஒரு சத்து. உடலுக்குள்ளோ புரதங்கள்தான் வேலைக்காரர்கள். சோற்றைச் செரிப்பது, ஆக்சிஜனைச் சுமப்பது, கிருமியைப் பிடிப்பது, தோலை இழுத்துக் கட்டுவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரதம் உண்டு. ரத்தத்தை உறைய வைப்பதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் அளவில் மிகுந்தது ஃபைப்ரினோஜன். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை இது கரைந்திருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 லிட்டர் பிளாஸ்மா இருப்பதால், மொத்தம் 6 முதல் 12 கிராம் ஃபைப்ரினோஜன் எந்நேரமும் நம்மைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

கரைந்திருக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதன் நடுப்பகுதியில் குமிழ்கள் இருக்கின்றன. இரு முனைகளிலும் அந்தக் குமிழ்கள் பொருந்துகிற குழிகள் இருக்கின்றன. சட்டைப் பித்தான் துளையில் மாட்டுவதுபோல ஒரு மூலக்கூறின் குமிழ் இன்னொன்றின் குழியில் மாட்டினால் நூல் உருவாகும், நூல்கள் சேர்ந்து வலையாகும், வலையில் சிவப்பணுக்கள் சிக்கி அடைப்பாகும். ஆனால் குமிழ்களின் மேல் நான்கு சிறு மூடிகள் இருக்கின்றன. அவை இருக்கும்வரை எதுவும் எதிலும் மாட்டாது.

மூடிகளை வெட்டி எடுப்பது த்ராம்பின் என்ற நொதி. கணக்கைப் பாருங்கள். ஃபைப்ரினோஜன் மூலக்கூறு ஒன்றில் ஏறத்தாழ 3,000 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. நான்கு மூடிகளிலும் சேர்த்து 60. நூற்றில் இரண்டு பங்கை மட்டும் நறுக்கினால், கரைந்து கிடந்த ஃபைப்ரினோஜன் கரையாத ஃபைப்ரின் ஆகிவிடுகிறது.

ஏன் இந்த ஏற்பாடு? ஒட்டும் ஃபைப்ரினாகவே செய்து அனுப்பினால் ரத்தம் முழுவதும் கெட்டிப்பட்டு ஓட்டம் நின்றுவிடும். காயம் பட்டபின் செய்துகொள்ளலாம் என்று விட்டாலோ நேரம் போதாது. ஒரு புரதத்தைச் செய்து, மடித்து, செல்லைவிட்டு வெளியேற்ற எவ்வளவு விரைந்தாலும் அரை மணி நேரம் போலப் பிடிக்கும். அதுவரை ரத்தம் காத்திருக்காது. முன்கூட்டியே செய், மூடி போட்டு அனுப்பு, இடமும் நேரமும் வந்தால் திற. உயிர் கண்டுபிடித்த வழி இது.

கல்லீரலில் ஓர் இரண்டு நிமிடம்

ஃபைப்ரினோஜனைச் செய்வதற்கான செய்முறை நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணிலும் இருக்கிறது, குதிகாலிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து நாள்தோறும் படிப்பவை கல்லீரல் செல்கள். உட்கருவுக்குள் அந்தப் பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. மூலச் சுவடி உட்கருவிலேயே பத்திரமாக இருக்க, படி மட்டும் வெளியே வருகிறது.

அந்தப் படியைப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் இயந்திரம் ரைபோசோம். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. கொண்டுவந்து நிறுத்தும். நம் செல்களில் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்கள் என்ற வேகத்தில் வேலை நடக்கிறது. ஃபைப்ரினோஜனின் மூன்று வகைச் சங்கிலிகளில் நீளமானதில் 610 அமினோ அமிலங்கள். அதைக் கோத்து முடிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம். ஒரு ரைபோசோம் முடிக்கும்வரை அடுத்தது நிற்பதில்லை. கிரிவலப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடப்பதுபோல ஒரே ஆர்.என்.ஏ.வின் மேல் பல ரைபோசோம்கள் வரிசையாக நகர்கின்றன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சங்கிலி வளர்ந்துகொண்டே போகிறது.

இந்த இயந்திரத்தின் உள்ளமைப்பை அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது. ஆகாயத்துக்கு உரியது சிதம்பரம். அந்தச் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், வெந்நீரில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் ரைபோசோமைப் படிகமாக்கி, அதன் சிறிய பாதியின் அமைப்பை 2000-இல் தம் குழுவினரோடு வெளியிட்டார். பெரும் பாதியை ஆராய்ந்த தாமஸ் ஸ்டைட்ஸ், இந்தத் துறையில் முதலில் துணிந்து இறங்கிய அடா யோனத் ஆகியோருடன் அவருக்கு 2009-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலில் உள்ள ஒவ்வொரு புரதமும் இந்த இயந்திரத்தின் வழியாகத்தான் பிறந்திருக்கிறது என்று எண்ணும்போது, அதைக் கண்ணால் காணும்படி செய்த உழைப்பின் அளவு புரியும்.

முகவரி எழுதிய தலைப்பு

சங்கிலி வளர்ந்துகொண்டிருக்கிறது. இது செல்லுக்குள்ளேயே தங்க வேண்டிய புரதமா, வெளியே போக வேண்டியதா? செல் இதை எப்படி அறிகிறது?

இந்தக் கேள்விக்கான பாதை கணையத்தில் தொடங்கியது. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடே 1960-களில் தம் தோழர்களுடன் கினி எலியின் கணையத் துண்டுகளை எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் ஊட்டினார். அந்தச் சில நிமிடங்களில் பிறந்த புரதங்களுக்கு மட்டும் அடையாளக் குறி விழுந்தது. பிறகு நேரம் விட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். குறி முதலில் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலில் தெரிந்தது. சற்று நேரத்தில் கோல்கை உறுப்புக்கு நகர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் செல்லின் வாசலருகே சிறு பைகளில் போய்ச் சேர்ந்தது. வெளியேறும் புரதத்தின் வழித்தடம் முழுவதும் ஒரு வரைபடமாகக் கிடைத்தது. 1974-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் பலாடேயும் ஒருவர்.

அதே நிறுவனத்தில் குந்தர் புளோபல் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டார். வெளியே போக வேண்டிய புரதத்தின் தொடக்கத்திலேயே அதற்கான முகவரி எழுதியிருக்க வேண்டும் என்று 1971-இல் டேவிட் சபட்டினியுடன் சேர்ந்து கருதினார். 1975-இல் சோதனைகளால் காட்டினார். சங்கிலியின் முதல் இருபது அமினோ அமிலங்கள் போலத்தான் அந்த முகவரி. அது ரைபோசோமிலிருந்து தலை நீட்டியதும் ஒரு துகள் அதைப் பற்றிக்கொண்டு, கோக்கும் வேலையைச் சற்று நிறுத்திவைத்து, ரைபோசோமையே எண்டோபிளாச வலையின் வாசலுக்கு இட்டுச் செல்கிறது. அங்கே சங்கிலி ஒரு துளை வழியே உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் முகவரித் துண்டை ஒரு நொதி வெட்டிப் போட்டுவிடுகிறது. கடிதம் உரிய வீட்டுக்கு வந்துவிட்டது; உறையைக் கிழிக்கலாம். புளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு.

வலைக்குள் நுழைந்த சங்கிலி இன்னும் வேலைக்கு ஆகாது. அது மடிய வேண்டும். எப்படியெல்லாம் மடியலாம் என்பதற்கு எல்லை வகுத்தவர் சென்னையில் இருந்தார். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும், சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள்தான் திரும்பக்கூடியவை, அணுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கோணங்களிலும் சிலவே இயலும் என்று கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தார்கள். இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கணினி அரிதாக இருந்த காலத்தில் சென்னையில் போட்ட கணக்கு அது.

ஃபைப்ரினோஜனுக்கு மூன்று வகைச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆறும் இந்த வலைக்குள் ஒன்றாகக் கூடி, கந்தகப் பாலங்களால் பிணைக்கப்படுகின்றன. தப்பாக மடிந்தவற்றைக் காவல் புரதங்கள் பிடித்து நிறுத்தும். திருத்த முடியாதவை சிதைக்கப்படும். தேறியவை சிறு பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போகின்றன. அங்கே சர்க்கரைத் தொடர்கள் செப்பனிடப்படும், எது எங்கே போக வேண்டும் என்று பிரிக்கப்படும். மறுபடியும் பைகளில் ஏறி, செல்லின் சவ்வோடு பை இணைந்து, உள்ளிருப்பது ரத்தத்தில் கொட்டப்படும். இந்தப் பைகள் எப்படி உருவாகி, எப்படிச் சரியான இடத்தில் இணைகின்றன என்பதைக் காட்டிய ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் மூவருக்கும் 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கீரை செய்யும் வேலை

மூடியைத் திறக்கும் த்ராம்பினும் வெறுமனே சுற்றித் திரிய முடியாது. திரிந்தால் எல்லா மூடிகளையும் திறந்துவிடும். ஆகவே அதுவும் புரோத்ராம்பின் என்ற உறங்கும் வடிவில்தான் கல்லீரலில் பிறக்கிறது. அதற்கு இன்னொரு தேவையும் உண்டு. காயம் பட்ட இடத்தில் செல் சவ்வின் மேல் அது உட்கார வேண்டும். உட்காரக் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் வேண்டும். எண்டோபிளாச வலைக்குள் புரோத்ராம்பினின் 10 அமினோ அமிலங்களில் இந்தக் கொக்கிகளை மாட்டும் நொதிக்கு வைட்டமின் கே துணை தேவை.

1930-களில் டென்மார்க்கில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் ரத்தக் கசிவால் சாவதைக் கண்டு இந்த வைட்டமினைக் கண்டறிந்தார். உறைதலுக்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்துதான் கே. இந்த வைட்டமின் இல்லாவிட்டாலும் கல்லீரல் புரோத்ராம்பினைச் செய்கிறது, வெளியேயும் அனுப்புகிறது. ஆனால் அது நமத்துப்போன தீக்குச்சி, உரசினாலும் பற்றாது.

நம் வீட்டில் அரைக்கீரையும் முருங்கைக்கீரையும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. தாயிடமிருந்து போதிய அளவு வைட்டமின் கே குழந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதால்தான் பிறந்ததும் பச்சிளங்குழந்தையின் தொடையில் அதை ஊசியாகப் போடுகிறார்கள். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் இந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கின்றன. “கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்று மருத்துவர்கள் அவர்களிடம் சொல்வதன் காரணம் இது.

குறிப்பு கிடைக்கும் இடம்

இனிக் கட்டைவிரலுக்கு வருவோம். கல் கிழித்ததும் முதலில் ஓடிவந்து ஓட்டையில் குவிவது தட்டணுக்கள். அது தற்காலிக அணை. அதை உறுதிப்படுத்த ஃபைப்ரின் வலை வேண்டும். அதற்கான குறிப்பை யார் தருவது?

ரத்தக் குழாயைச் சுற்றி வெளிப்புறத்தில் இருக்கும் செல்களின் மேல் திசுக் காரணி என்ற புரதம் பதிந்திருக்கிறது. குழாய் முழுதாக இருக்கும்வரை ரத்தம் அதைப் பார்ப்பதே இல்லை. கிழிந்த நொடியில் இரண்டும் சந்திக்கின்றன. ரத்தத்தில் உறங்கும் இன்னோர் உறைதல் புரதமான ஏழாம் காரணி அதன் மேல் உட்கார்ந்ததும் விழிக்கிறது. விழித்தது பத்தாம் காரணியை எழுப்புகிறது. பத்தாவது புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பின் ஆக்குகிறது. த்ராம்பின் ஃபைப்ரினோஜனின் மூடிகளை நறுக்குகிறது. கூடவே தனக்கு முந்தைய காரணிகளையும் மேலும் தூண்டிவிடுகிறது. ஒரு நொதி பல மூலக்கூறுகளை எழுப்பும். அவை ஒவ்வொன்றும் இன்னும் பலவற்றை எழுப்பும். மலையில் சிறு ஓடைகள் சேர்ந்து அருவியாவதுபோல இரண்டு மூன்று படிகளில் தொடக்கக் குறிப்பு பெருகிவிடுகிறது. இந்தத் தொடர் அமைப்பை 1964-இல் இங்கிலாந்தின் ராபர்ட் மெக்ஃபர்லேன் ஒருபுறமும், அமெரிக்காவின் ஏர்ல் டேவி, ஆஸ்கர் ராட்னாஃப் இருவரும் மறுபுறமும் தனித்தனியே முன்வைத்தார்கள்.

அருவியைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? காயத்தைவிட்டு அது வெளியே ஓடாமல் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் வழிதவறி வரும் த்ராம்பினைக் கட்டிப்போடுகிறது. சேதமில்லாத குழாயின் உட்சுவரில் இன்னொரு புரதம் இருக்கிறது; த்ராம்பின் அதைத் தொட்டதும் கட்சி மாறி, உறைதலை நிறுத்தும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. காயத்தின் மேல் மட்டும் வலை. ஒரு விரற்கடை தள்ளி ரத்தம் வழக்கம்போல ஓடுகிறது. திருவண்ணாமலையில் குறிப்பு ஒன்று, தீபமும் ஒன்று. உடலிலோ ஆயிரம் கொப்பரைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு. குறிப்புத் தர அங்கே யாரும் நிற்பதில்லை. சந்திக்கக் கூடாத இரண்டு மூலக்கூறுகள் சந்தித்துவிட்டன என்பதே குறிப்பு.

கண்ணாடி விரியன் சொல்லும் பாடம்

இந்த ஒழுங்கின் அருமை, அது குலையும்போதுதான் முழுவதும் தெரிகிறது. அந்தப் பாடம் நம் கழனிகளிலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது.

நெல் வயலிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் எலியைத் தேடிவரும் கண்ணாடி விரியனின் நஞ்சில், பத்தாம் காரணியை நேரடியாக எழுப்பும் நொதி ஒன்றும், ஐந்தாம் காரணியை எழுப்பும் நொதி ஒன்றும் இருக்கின்றன. கடிபட்டவரின் ரத்தத்துக்குக் காயம் என்ற குறிப்பு தேவையில்லாமல் போகிறது. இடம் பாராமல் உடல் முழுவதும் த்ராம்பின் விழிக்கிறது. எங்கு பார்த்தாலும் மூடிகள் திறக்கின்றன. நாளெல்லாம் சேர்த்த ஃபைப்ரினோஜன் கையிருப்பு சில மணி நேரத்தில் வீணாகத் தீர்ந்துபோகிறது. பிறகு நேர்வதுதான் கொடுமை: உறையச் செய்யும் நஞ்சு ஏறிய உடலில் ரத்தம் உறைவதே இல்லை. ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிகிறது, சிறுநீரகம் பழுதாகிறது.

இதைக் கண்டறிய அரசு மருத்துவமனைகளில் செய்யும் சோதனை வியக்கத்தக்க எளிமை கொண்டது. காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். நஞ்சுமுறி மருந்து ஏற்ற வேண்டும்.

அந்த மருந்து தயாராகும் பாதையும் தமிழ்நாட்டில் தொடங்குகிறது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. நஞ்சு எடுத்தபின் பாம்புகள் காட்டில் விடப்படுகின்றன. பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்த, குதிரையின் பிளாஸ்மா செல்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புரதங்களைச் செய்து ரத்தத்தில் கொட்டுகின்றன. அதே ரைபோசோம், அதே எண்டோபிளாச வலை, அதே கோல்கை. ஓர் உயிரின் புரதம் செய்த கேட்டை, இன்னோர் உயிரின் செல்கள் செய்து வெளியேற்றிய புரதம் கட்டிப்போடுகிறது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்சுவதும், கடிவாயைக் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கேடு செய்யும். ரத்தம் உறையாத உடலில் கீறிய காயம் எங்கே போய் முடியும் என்பதை இப்போது நீங்களே ஊகிக்கலாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போவதே வழி.

நேரம் தவறி விழிக்கும் புரதம் உள்ளிருந்தே தாக்குவதும் உண்டு. அன்னதானச் சாப்பாட்டில் உள்ள பருப்பைச் செரிக்கும் டிரிப்சின், கணையத்தில் டிரிப்சினோஜனாக உறக்கத்தில்தான் பிறக்கிறது. சிறுகுடலுக்குள் வந்தபின், குடற்சுவரில் காத்திருக்கும் ஒரு நொதி அதன் முனையை வெட்டி எழுப்புகிறது. கணையத்துக்குள்ளேயே அது விழித்துக்கொண்டால் கணையத்தையே தின்னத் தொடங்கும். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், இளம் வயதினரைத் தாக்கிய நாட்பட்ட கணைய அழற்சிக்கு ஒருகாலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி போட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.) உள்ளிட்ட ஆய்வுக்கூடங்கள் அந்நோயாளிகள் பலரிடம் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டன. அது எந்த மரபணு? தவறி விழிக்கும் டிரிப்சினை அடக்கிவைக்கும் காவல் புரதத்தின் மரபணு.

தேர் வெளியேறும் செல்

ரத்தம் நின்ற இடத்தில் அடுத்த வேலை தொடங்குகிறது. கிழிந்த தோலைத் தைக்க வேண்டும். இங்கே நூல், கொலாஜன். நம் உடலின் மொத்தப் புரதத்தில் கால்பங்குக்கும் மேல் அதுதான். அதன் உருவத்தை முதலில் கண்டவரும் ஜி.என்.ராமச்சந்திரனே. சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்ரேயில் ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு அது என்று 1954-55-இல் கோபிநாத் கார்த்தாவுடன் சேர்ந்து உலகுக்குச் சொன்னார்.

அந்தக் கயிற்றை முறுக்குவதற்கு முன் எண்டோபிளாச வலைக்குள் அதன் அமினோ அமிலங்கள் சிலவற்றில் ஆக்சிஜன் சேர்க்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் உடல் வெப்பத்திலேயே முறுக்கு பிரிந்துவிடும். அதைச் செய்யும் நொதிகள் ஓயாமல் உழைக்க வைட்டமின் சி வேண்டும். கிரிவலப் பாதையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற நெல்லிக்காயில் அது நிறையவே இருக்கிறது. அது கிடைக்காமல் கடலில் மாதக்கணக்கில் இருந்த அந்தக்கால மாலுமிகளுக்கு ஈறு கரைந்தது, ஆறிய பழைய காயங்கள்கூட மீண்டும் திறந்துகொண்டன.

முறுக்கிய கொலாஜன் 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைத்த தடி. அதைச் சுமக்க வேண்டிய வழக்கமான பைகளின் அகலமோ 60 முதல் 90 நானோமீட்டர்தான். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அண்ணாமலையார் மகாரதம் மாட வீதிகளில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். தேர் வருவதற்கு முன் பந்தல்கள் கழற்றப்படும், வீதியே தேருக்காக அகலும். செல்லும் அப்படியே செய்கிறது. கொலாஜனுக்கென்றே வாசலில் நிற்கும் தனிப் புரதம் ஒன்று, பையின் வாய் சீக்கிரம் மூடிவிடாமல் பிடித்து, பெரிய வழியை உண்டாக்கிக் கொடுக்கிறது.

இங்கும் அதே அடக்கம்தான். இழைகளின் இரு முனைகளிலும் குஞ்சம்போலக் கூடுதல் பகுதிகள் இருக்கின்றன. அவை இருக்கும்வரை கொலாஜன்கள் ஒன்றோடொன்று சேராது. வெளியேறும் கட்டத்தில் நொதிகள் குஞ்சங்களை வெட்டுகின்றன. வெட்டியதும் தடிகள் தாமே அடுக்கடுக்காகச் சேர்ந்து நாராகின்றன. செல்லுக்குள்ளேயே சேர்ந்திருந்தால் செய்த செல்லையே குத்திக் கிழித்திருக்கும்.

பதினோராம் நாள்

மகாதீபம் 11 நாள் எரியும். பிறகு கொப்பரையை மலையிலிருந்து இறக்குவார்கள். அதில் படிந்த கரியை மையாக்கி ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். ஏற்றுவதற்கு ஓர் ஏற்பாடு இருப்பதுபோல இறக்குவதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

ஃபைப்ரின் வலைக்கும் அப்படி உண்டு. அதைக் கரைக்கும் பிளாஸ்மின், பிளாஸ்மினோஜன் என்ற உறக்க வடிவில் அதே கல்லீரலில் பிறந்து, வலை பின்னும்போதே அதன் இழைகளோடு ஒட்டிக்கொள்கிறது. அடைப்பின் வேலை முடிந்ததும் அதை எழுப்பும் நொதி வருகிறது. கட்டும்போதே அவிழ்ப்பவனையும் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

கொப்பரை இறங்கிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்த காலையில் என் கட்டைவிரலின் பொருக்கும் உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். சுக்குக் காபி அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தானாகத்தான் நின்றது, தானாகத்தான் ஆறியது. அந்தத் ‘தான்’ யார் என்பதுதான் அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது: நான் பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கி, நான் தூங்கும்போதும் நடக்கும்போதும் செய்து செய்து அனுப்பி, தேவை வரும்வரை மூடி திறக்காமல் காத்திருக்கிற என் கல்லீரல் செல்கள்.